கறுப்பு அபாயாவும் சாம்பல் கெமராவும்

கெமராவுக்குக் கறுப்பு தெரியாது. வெள்ளையும் தெரியாது. இதை எனக்குக் கற்றுத் தந்தது புத்தகமல்ல, எங்கள் உம்மாவின் பெருநாள் அபாயா.

சென்ற நோன்புப் பெருநாளன்று தொழுகை முடிந்து வந்த உம்மாவை வீட்டு வாசலில் நிறுத்திப் படமெடுத்தேன். கெமரா நாநாவுடையது. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது "உடச்சிப் போடாத" என்ற ஒரே நிபந்தனையுடன் என்னிடம் விட்டுச் சென்றார். படத்தைப் பார்த்ததும் உம்மாவின் முகம் மாறிவிட்டது. "என்ன மகள் இது, புது அபாயா சாயம் போன மாதிரி ஈக்கே. கடக்காரன் ஏமாத்திட்டானா?" கண்முன்னே அபாயா கன்னங்கரேலென்று இருக்கிறது. படத்தில் மட்டும் சாம்பல்.

சில வாரங்களின் பின் எமது கல்லூரியின் பரிசளிப்பு விழாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. வரிசையாக நின்ற மாணவிகளின் வெள்ளைச் சீருடைகள் எல்லாம் நீலம் போடாமல் தோய்த்தவை போல மங்கிப்போய் வந்தன. கெமரா பழுதாகிவிட்டது, நாநாவுக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாட்கள் சோறு இறங்கவில்லை.

கெமரா பழுதாகவில்லை. படம் எடுக்குமுன் அது வில்லைக்குள் வரும் ஒளியை அளக்கிறது. ஆனால் எதிரே நிற்பது கறுப்புத் துணியா வெள்ளைத் துணியா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே ஓர் அனுமானத்தை வைத்துக்கொள்கிறது: எதிரே உள்ள அனைத்தையும் கலந்து சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்பதே அது. தன்மீது விழும் ஒளியில் 18 வீதத்தைத் தெறிக்கச் செய்யும் சாம்பலைப் படக்கலைஞர்கள் நெடுங்காலமாக அளவுகோலாகப் பாவித்து வருகிறார்கள். புல், தார் வீதி, மரம், மனிதர் எல்லாம் கலந்த காட்சியில் இந்த அனுமானம் அநேகமாகச் சரிவரும். கறுப்பு அபாயாவோ மிகச் சிறிதளவு ஒளியையே திருப்பி அனுப்புகிறது. "இங்கே ஒளி போதாது" என்று எண்ணிக் கெமரா கூடுதலாக ஒளியை உள்ளே விட, கறுப்பு சாம்பலாகிறது. வெள்ளைச் சீருடை பெரும்பாலான ஒளியைத் திருப்பி அனுப்பும். "இங்கே ஒளி அதிகம்" என்று கெமரா குறைத்துக்கொள்ள, வெள்ளையும் சாம்பலாகிறது.

பரிகாரம் சுலபம். கெமராவில் கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். கைப்பேசியில் திரையைத் தொட்டதும் சிறிய சூரியன் ஒன்று தோன்றும், அதை மேலும் கீழும் இழுக்கலாம். வெள்ளை உடுத்தவரை எடுக்கும்போது கூட்ட வேண்டும், கறுப்பு உடுத்தவரை எடுக்கும்போது குறைக்க வேண்டும். முதலில் இது தலைகீழாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. உம்மாவை மறுபடி அதே வாசலில் நிறுத்தி, ஒரு படி குறைத்து எடுத்துக் காட்டினேன். கடைக்காரர் தப்பித்தார்.

உள்ளே என்னதான் நடக்கிறது என்றால், ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கெமராவிடம் மூன்று வழிகள் உண்டு. வில்லையின் துவாரத்தைப் பெரிதாக்கலாம். ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம், உதாரணமாக 1/60 செக்கனை 1/30 ஆக்கினால் இரு மடங்கு ஒளி வரும். அல்லது ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்திக் கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டலாம். மூன்றுக்கும் விலை உண்டு. துவாரம் பெரிதானால் பின்னணி மங்கும், ஷட்டர் தாமதித்தால் அசைவு இழுபடும், எண் உயர்ந்தால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். இரண்டு வருடமாகப் பௌதிகப் பாடத்தில் வில்லைக் கணக்குச் செய்துகொண்டிருக்கும் எனக்கு, குவியத்தூரம் என்ற சொல் கையில் பிடிக்கும் பொருளாக மாறியது இதன் பிறகுதான். படிப்பு கெட்டுவிடும் என்று கெமராவைக் கண்டு பயப்படும் பெற்றோருக்காக இந்த வரியை எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்ற நூலில் ஒளி பொருட்களிலிருந்து கண்ணுக்குள் வருகிறது, கண்ணிலிருந்து புறப்பட்டுப் போவதில்லை என்று நிறுவினார். இருட்டறையின் சிறு துவாரத்தினூடாக ஒளி எப்படி வந்து விழுகிறது என்று பரிசோதனை செய்து பார்த்தவர் அவர். எமது பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பந்தி கொடுத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் டியூஷன் முடிந்து வாப்பாவுடன் புறக்கோட்டைக்குப் போவது எனக்குப் பெருநாள் மாதிரி. நாட்டாமைமார் தள்ளும் வண்டிகள், பஸ் நடத்துனர்களின் சத்தம், ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை எத்தனை தடவை எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்த கட்டடம். கருஞ்சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதால் அங்கே கெமரா அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. தடுமாறுவது துணிக் கடைகளில். அபாயாத் துணிக் கடை ஒன்றில் கறுப்புக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பு. கடைக்காரர் ஒவ்வொன்றாக இழுத்து, வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்துக் காட்டினார். நிதாத் துணி நீரோட்டம் போல மினுங்கியது. க்ரேப்பில் சுருக்கம் தெரிந்தது. கறுப்பு நூலால் செய்த பூவேலை, நேராகப் பார்த்தபோது இல்லாதது, சாய்த்ததும் எழுந்து வந்தது. படக்கலைப் புத்தகங்கள் "பக்க ஒளி" என்று இரண்டு பக்கத்துக்கு விளக்குவதை அவர் அரை நிமிடத்தில் காட்டிவிட்டார். அவரிடம் கேட்டுத்தான் கைகளைப் படமெடுத்தேன். கேட்காமல் யாருடைய முகத்தையும் எடுக்கக் கூடாது என்பது வாப்பாவின் சட்டம். அது இல்லாவிட்டால் புறக்கோட்டையும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஒரு பிழை செய்தேன். துணியைப் பற்றி அறிந்ததை முகத்துக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

செப்டெம்பர் தொடக்கத்தில் எங்கள் வகுப்புப் படம் எடுத்தோம். நண்பகல் பன்னிரண்டு மணி, திறந்த மைதானம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் கொழும்புக்கு நேர் மேலாகச் சூரியன் வரும். அந்நேரத்தில் எமது நிழல் எமது காலடியிலேயே கிடக்கும், முகத்திலோ புருவத்தின் நிழல் கண்ணை மூடும். அதோடு முப்பது வெள்ளைச் சீருடைகள், முப்பது வெள்ளைப் பர்தாக்கள். அவசரத்தில் கெமராவை அதன் போக்கில் விட்டுவிட்டேன். வெள்ளையைக் கண்ட கெமரா வழமைபோல ஒளியைக் குறைத்தது. வெளிர் நிறத்தவர்கள் தப்பிவிட்டார்கள். வரிசையின் ஓரத்தில் நின்ற என் நெருங்கிய தோழியின் முகத்தில் பல்லும் கண்ணும்தான் மிஞ்சின. அவள் நல்ல கருமை நிறம்.

படத்தை அனுப்பச் சொல்லி வகுப்பே வட்ஸ்அப்பில் கத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு செயலியில் போட்டு, எல்லா முகங்களையும் பியூட்டி மோடில் வைத்து, தோழியின் முகத்தை மட்டும் இன்னும் நாலு தடவை தேய்த்து வெளுப்பாக்கி அனுப்பினேன். எல்லோரும் இதயம் போட்டார்கள். அவள் ஒன்றும் போடவில்லை. அடுத்த நாள் இடைவேளையில் வந்து கேட்டாள்: "என்ட மூஞ்ச எங்க வெச்சிட்டாய்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கலியாண வீடுகளுக்குப் போனால் யாராவது ஒரு மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கிரீமின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டாராம். ஆறு வயதிலிருந்து கேட்கிறாளாம். "நீயும் அந்த மாமி மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பத்து நாட்கள் என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் பத்து நாட்களில்தான் இதைத் தேடி வாசித்தேன். முன்பு வர்ணப் படச்சுருள் காலத்தில், கழுவும் நிலையங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கொடக் நிறுவனம் ஓர் அட்டையைக் கொடுத்து வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு நின்றவர் பெயர் ஷேர்லி என்பதால், பின்பு வேறு பெண்கள் வந்தபோதும் அது 'ஷேர்லி அட்டை' என்றே வழங்கியது. ஷேர்லியின் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் இருக்கவில்லை. படச்சுருள் பிறகு திருந்தியதற்கு ஒரு காரணம், சொக்லட் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் தமது பழுப்பு நிறங்கள் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று முறைப்பட்டது. மனிதருக்காக இல்லாமல் சொக்லட்டுக்காக! கூகிள் நிறுவனம் தனது பிக்சல் தொலைபேசியில் கருமை நிறங்களைச் சரியாகக் காட்டவென்று தனியாக ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே 2021இல்தான்.

பியூட்டி மோட் செய்வது வேறு. அது படத்தில் தோலை இனங்கண்டு, நுண்ணிய கோடுகளையும் துளைகளையும் மழுப்பி, பல தொலைபேசிகளில் வெளிச்சத்தையும் ஏற்றிவிடுகிறது. நாம் கேட்காமலே சிலவற்றில் அது இயங்கிக்கொண்டிருக்கும். கலியாணப் பேச்சுக்குப் பிள்ளையின் படம் அனுப்பும் உம்மாமார் ஒரு தடவை அந்த அமைப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. வீட்டுக்கு வரப்போவது படமல்ல, மாப்பிள்ளை வீட்டார்.

ஆனால் கருமை நிறம் படத்துக்குச் சரிவராது என்று யாராவது சொன்னால் நான் லயனல் வென்ட்டைக் காட்டுவேன். 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் மறைந்தவர். சட்டம் படித்தவர், அதைவிடப் பெரிய பியானோ கலைஞர். அவர் பெயரில்தான் கொழும்பு 7இல் அரங்கு இருக்கிறது. அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நமது நாட்டு உழைப்பாளிகளின் தோல், அந்தத் துணிக்கடைக்காரர் சாய்த்துப் பிடித்த நிதாத் துணியைப் போலவே, ஒளி விழும் இடத்தில் மினுங்கி, விலகும் இடத்தில் ஆழ்ந்து போகும். யாரையும் அவர் வெளுப்பாக்கவில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தார்.

பதினோராவது நாள் தோழியிடம் போய் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு தடவை நிற்பாயா என்றேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். பின்னேரம் மூன்றரை மணிக்கு வகுப்பறை விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில், பக்கவாட்டில் வெளி தெரியும்படி உட்கார வைத்தேன். நிழலில் வெள்ளைப் பர்தாவுக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையும் என்பதால் இரண்டும் ஒரே படத்துக்குள் அடங்கும். மறுபக்கத்தில் கண்காட்சிக்கு வாங்கிய வெள்ளை பிறிஸ்டல் போட் ஒன்றை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். அது ஒளியைத் தெறிக்கச் செய்து இருண்ட கன்னத்துக்கு அனுப்பியது. அளவை அவள் முகத்தில் எடுத்து, ஒரு படியின் மூன்றில் இரண்டு குறைத்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

திரையில் நீண்ட நேரம் பார்த்தாள். "இது நான்தான்" என்றாள். பிறகு, "மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசா ஈக்கே?"

"கிட்ட வந்து அகல வில்லையால எடுத்தா அப்பிடித்தான். தூரத்தில போய் மற்ற வில்லையால எடுக்கணும்."

"அப்ப எடு."

எடுத்தேன். அந்தப் படத்தை அவள் தன் உம்மும்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். வகுப்புக் குழுவிலிருந்த பழைய படத்தை நான் நீக்கிவிட்டேன், ஆனால் அதற்குள் பலர் சேமித்திருந்தார்கள். கேட்டபோது அநேகமானோர் அழித்தார்கள். ஒருத்தி இன்னும் அதைத்தான் முகப்புப் படமாக வைத்திருக்கிறாள். இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "அதில நான் அழகா ஈக்கேனே" என்கிறாள்.