பெண்ணும் சட்டமும் – 11: ஒரே கூரையின் கீழ் இருவர்

சென்ற வாரம் 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாண தேவதாசிச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அலகாபாத்துக்குப் போவோம்.

1958 மே 1 அன்று, பெண்களையும் சிறுமிகளையும் விலைபேசி விற்பதைத் தடுக்கும் சட்டம் நாடெங்கும் அமலுக்கு வந்தது. அதே நாளில் ஹுஸ்னா பாய் என்ற 24 வயதுப் பெண் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜகதீஷ் சகாய் முன்னால் மனுவோடு வந்து நின்றார். தான் செய்யும் தொழில் இன்னது என்று ஒளிக்காமல் சொன்னார். தன்னை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது, விரும்பிய தொழிலைச் செய்ய அரசமைப்புச் சட்டம் தந்த உரிமையை இந்தச் சட்டம் பறிக்கிறது என்பது அவர் வாதம். மனு தள்ளுபடியானது. ஆனால் அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட சமூகசேவகிகள் ஆடிப்போனார்கள். யாரை விடுவிக்கப் போராடினார்களோ, அவர்களில் ஒருத்தியே எதிர்த்து நிற்கிறாளே!

அந்தச் சமூகசேவகிகளை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தையில் மாடு விற்பதுபோல் சிறுமிகள் விற்கப்பட்ட காலம் அது. ஆள்கடத்தலுக்கு எதிரான 1950ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதில் இவர்களுக்குப் பெருமை இருந்தது. அவர்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்திலிருந்து பிறந்த சட்டம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் சிக்கல்.

1986இல் பெயர் மாறி, இன்று விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் அழைப்பது அதைத்தான். பணம் வாங்கிக்கொண்டு உடலுறவு கொள்வதை அந்தச் சட்டம் நேரடியாகக் குற்றம் என்று சொல்வதில்லை. அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் வருமானத்துக்காக ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டால், அது சட்டப்படி விபச்சார விடுதி. குடித்துவிட்டு வருபவன் கைநீட்டினால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும் என்று சேர்ந்திருப்பவர்கள் அவர்கள். அந்தத் துணையே வழக்காகிறது. தாயின் தொழில் தெரிந்தும் அவள் பணத்தில் கல்லூரிக்குப் போகும் மகனுக்கு 18 வயது தாண்டிவிட்டால், அடுத்தவர் விபச்சார வருமானத்தில் வாழ்ந்த குற்றத்துக்கு அவனும் ஆளாகலாம். தெருவில் நின்று ஆள் அழைத்த பெண்ணுக்கு முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் அதிகபட்சம் மூன்று மாதம்.

‘மீட்பு’ என்ற பெயரில் நடப்பதற்குச் சென்னையே சாட்சி. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இங்கேதான். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தம் அது. மருத்துவ வரலாற்றில் அந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய இடம் கிடைத்தது. பெண்களுக்கு என்ன கிடைத்தது? தண்டனைக் காலம் முடிந்த பிறகும், தொற்று இருக்கிறது என்பதற்காகவே பலர் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போன பிறகே, 1990இல் அவர்களுக்குக் கதவு திறந்தது.

இதையெல்லாம் அனுபவித்தவர்கள் பேசத் தொடங்கியபோது பெண்ணியம் இரண்டாகப் பிளந்தது. கொல்கத்தா சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய சுகாதாரத் திட்டத்திலிருந்து, 1995இல் தர்பார் என்ற பெண்களின் சங்கம் வளர்ந்தது. எங்களையும் தொழிலாளர்களாக நடத்துங்கள் என்று 1997இல் மாநாடு கூட்டிக் கேட்டார்கள். ‘அப்னே ஆப்’ அமைப்பின் ருச்சிரா குப்தா போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. ஏழைச் சிறுமிக்கு ஏது தேர்வு, வாங்குபவன் இருக்கும்வரை கடத்துபவனும் இருப்பான், அவனைத் தண்டியுங்கள் என்றார்கள். 1999இல் சுவீடன் கொண்டுவந்த சட்டம் அவர்களுக்கு முன்மாதிரி: விற்பவள் குற்றவாளி அல்ல, வாங்குபவன் குற்றவாளி. 2006இல் நம் நாடாளுமன்றத்துக்கு வந்த திருத்த மசோதாவும், தெருவில் அழைக்கும் பெண்ணைத் தண்டிக்கும் பிரிவை நீக்கிவிட்டு, வாடிக்கையாளரைத் தண்டிக்கப் பார்த்தது. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் பாலியல் தொழிலாளிகளே. 2009இல் மசோதா காலாவதியானது.

அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். போலீசுக்குப் பயந்த வாடிக்கையாளர் வெளிச்சமுள்ள தெருவுக்கு வரமாட்டார். இருட்டுக்குத்தான் கூப்பிடுவார். ஆள் எப்படிப்பட்டவர் என்று நின்று பார்த்து முடிவெடுக்கும் அவகாசம் அவளுக்குப் போய்விடும். என் மனம் இவர்கள் பக்கம்தான்.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 2003இல் அங்கே சட்டம் நிறைவேறியது 60க்கு 59 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். அங்கே நான்கு பெண்கள் வரை, அவரவர் வருமானம் அவரவர் கையில் என்ற நிலையில், எந்த உரிமச் சான்றும் இல்லாமல் ஒரே வீட்டில் தொழில் செய்யலாம். நம் ஊரில் இருவர் சேர்ந்தாலே குற்றம் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். 2014இல் அங்கே ஒரு பெண், தன் விடுதி முதலாளி பாலியல் தொல்லை தந்ததாக மனித உரிமைத் தீர்ப்பாயம் போய், 25,000 டாலர் இழப்பீடு பெற்றார். நம் ஊரில் அப்படிப் புகார் கொடுக்கப் போனால், யார்மீது வழக்குப் பாயும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கும் குறை உண்டு. தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை. பிடிபட்டால் நாடுகடத்தல் என்ற பயத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலை அங்கீகரித்துவிட்டது என்று நம் பத்திரிகைகள் எழுதின. அது பாதி உண்மைகூட அல்ல. நிபுணர் குழுவின் பத்துப் பரிந்துரைகளில் ஆறை மட்டுமே நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மீதி நான்கில் ஒன்றிய அரசுக்குத் தயக்கம். விருப்பத்தோடு தொழில் செய்யும் வயதுவந்த பெண்மீது போலீஸ் நடவடிக்கை கூடாது என்பது அந்த நான்கில் ஒன்று. ஹுஸ்னா பாய் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

என் தரப்பாருக்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பாஞ்சடா சமூகத்தில் மகளைத் தொழிலுக்கு அனுப்புவது தலைமுறை வழக்கம். கர்நாடக, மகாராஷ்டிர எல்லையில் எல்லம்மாவுக்குப் பொட்டுக்கட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். சாதி ஒதுக்கிய இழிவுக்குத் தொழில் என்று பெயர் சூட்டுவதா என்று தலித் பெண்ணியர்கள் கேட்கும்போது, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், சாங்லியில் 1996 முதல் இயங்கும் ‘வேஷ்யா அன்யாய் முக்தி பரிஷத்’தில் இருப்பவர்களிலும் பொட்டுக்கட்டப்பட்ட குடும்பத்துப் பெண்கள் ஏராளம். எங்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக்காதீர்கள், போலீஸை விலகச் சொல்லுங்கள் என்கிறார்கள் அவர்கள். குற்றம் என்ற முத்திரையை எடுத்தால் லத்தி விலகும். ஆனால் பாஞ்சடாக் குடும்பத்துச் சிறுமி பள்ளியில் தொடர்ந்து படிப்பதற்கு அது மட்டும் போதாது. அதற்குத் தனியாகப் போராட வேண்டும். அந்தப் போராட்டத்தில் எங்கள் தரப்பு இதுவரை போதுமான அளவு இறங்கவில்லை.

2005இல் மகாராஷ்டிர அரசு நடன பார்களை மூடியபோது இந்த இரு குரல்களும் மும்பையில் நேருக்கு நேர் மோதின. பார் பெண்களுக்காக வழக்காடிய பிளேவியா ஆக்னஸைப் பற்றியும், தடையை வரவேற்ற தலித் பெண்களைப் பற்றியும் அடுத்த வாரம்.

(தொடரும்)