விதியும் கண்ணோட்டமும்

விளையாட்டைப் பொருள் கருதி ஆடுவோரும் உளர்; இன்பம் ஒன்றே கருதி ஆடுவோரும் உளர். பின்னவரை ‘அமெச்சூர்’ என்று வழங்குவர். ஊதியம் பெறாது ஆடுவதே உயர்ந்தது என்னும் கொள்கை 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வேரூன்றிப் பின்னர் அமெரிக்கக் கல்லூரிகளிலும் பரவிற்று.

1906-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்லூரிகள் பல ஒன்றுகூடிச் சங்கம் ஒன்று அமைத்தன. 1910 முதல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் பெற்றது. மாணவர் தம் ஆட்டத்திற்காக ஊதியம் பெறலாகாது என்பது நெடுங்காலம் அதன் தலையாய விதியாக இருந்தது. கல்விக் கட்டணம், உணவு, உறையுள் முதலியவற்றிற்குரிய உதவித்தொகையை மட்டும் திறமிக்க ஆட்டக்காரர் அக்காலத்தில் பெறலாயிருந்தது.

இவ்விதி காரணமின்றி எழுந்ததன்று. தம் கல்லூரி வெற்றி பெறவேண்டும் என்னும் ஆர்வத்தால், செல்வர் சிலர் சிறந்த ஆட்டக்காரரைப் பொருள் கொடுத்துக் கவர முற்படுவர். பணமாகக் கொடுக்க இயலாவிடின், வண்டி என்றும் வீடு என்றும் பரிசு என்றும் மறைமுகமாகக் கொடுப்பர். ஆதலின், ஏனைய மாணவர்க்குக் கிட்டாத எந்நன்மையையும் ஆட்டக்காரரோ அவர்தம் குடும்பத்தாரோ ஏற்றல் கூடாது என்று விதி விரிவாக வகுக்கப்பட்டது. சிறு மடை திறப்பினும் பெருவெள்ளம் புகும் என்று அஞ்சினர் அதனை வகுத்தோர்.

அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், விதியை வகுத்தோர் எண்ணிப் பாராத நிலையொன்று 2006-ஆம் ஆண்டில் தோன்றிற்று.

தென் கரோலினா மாநிலத்துக் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ரே ரே மெக்எல்ராத்பி என்னும் மாணவர் பயின்று வந்தார். அட்லாண்டா நகரினரான அவர், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் வல்லவர். அவருக்கு வயது 19. அவர் தம்பிக்கு வயது 11. தாய் போதைப் பழக்கத்தாலும் தந்தை சூதாட்டத்தாலும் அல்லலுற்றமையால், அச்சிறுவனைப் பேணுவார் இலராயினர். இளமையில் பிறர் இல்லங்களில் வளர்ந்து துன்புற்றவர் ரே ரே. அந்நிலை தம்பிக்கும் வருதல் கூடாது என்று உறுதி பூண்ட அவர், தற்காலிகக் காப்பாளராகப் பொறுப்பேற்றுத் தம்பியைத் தம்முடன் அழைத்து வந்தார்.

ஒருவர்க்கென அளந்து கொடுத்த உதவித்தொகை இருவர்க்கு உணவாயிற்று. வகுப்பும் பயிற்சியும் ஆட்டமுமாகப் பொழுது கழிய, தம்பியைப் பள்ளிக்கு அனுப்புதலும் அவன் பாடத்தைக் கவனித்தலும் அவர்மேற் சுமந்தன. ஊரார் பலர் உதவ முன்வந்தனர். பயிற்சியாளர் இல்லத்தாரும் சிறுவனைத் தம் வண்டியில் பள்ளிக்கு அழைத்துச் செல்ல விழைந்தனர். ஆனால், அதுவும் விதிக்கு மாறான நன்மையாகக் கொள்ளப்படும்! அதனை ஏற்பின் ஆடும் உரிமைக்கு இடர் வரும். ஏலாவிடின் தம்பியைப் பேணுதல் அரிதாகும். இவ்விரண்டிற்கும் இடையே நின்றார் அவ்விளைஞர்.

பல்கலைக்கழகத்தார் இந்நிலையைச் சங்கத்திற்கு எடுத்துரைத்தனர். 2006 செப்டம்பர்த் திங்களில் சங்கம் அவருக்கு விலக்கு அளித்தது. சிறுவனை வண்டியில் அழைத்துச் செல்லுதல் போன்ற உதவிகளுக்கு இசைவு கிடைத்தது. அவன் நலனுக்கென அறக்கட்டளை நிதி நிறுவப்பட, மக்கள் மனமுவந்து பொருள் வழங்கினர். இவ்வரலாற்றைத் தழுவி 2020-இல் ‘சேஃப்டி’ என்னும் திரைப்படம் வெளிவந்தது.

இவ்விலக்கால் விதி அழிந்துவிட்டதா? இல்லை. விதி தடுக்க முயன்றது மறைவான கையூட்டை. இங்கு வழங்கப்பட்டதோ யாவரும் அறிய ஒரு சிறுவனுக்கு அளித்த உதவி. விதியின் சொல்லுக்கு மாறாகத் தோன்றினும், அதன் நோக்கத்திற்கு இஃது ஊறு செய்யவில்லை. முறை செய்வோர்க்கு இரக்கமும் வேண்டும் என்பது பற்றியே, தமிழ் நூலோர் செங்கோன்மையோடு கண்ணோட்டத்தையும் அரசர்க்குரிய பண்பாக வைத்தனர்.

காலப்போக்கில் விதியே மாறிற்று. 2021 சூலை முதல் மாணவர் தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருள் ஈட்ட இசைவு பெற்றனர். 2025 சூலை முதல் கல்லூரிகளே அவர்க்கு நேரே பணம் வழங்கவும் வழி ஏற்பட்டது. பல்லாண்டு அசையாது நின்ற விதியும் மனிதர் வகுத்ததே என்பது இதனால் விளங்கும்.

விதியின்றேல் ஒழுங்கில்லை. ஆயினும், ஒரு விதியைக் கையாள்வோர் அஃது எதன் பொருட்டு எழுந்தது என்பதை மறத்தல் ஆகாது. அதனை மறவாதவரே விதியையும் காப்பர். விதிக்கு உட்பட்டோரையும் காப்பர்.