பிள்ளையின் கையால் ஓர் அழைப்பிதழ்

பிறந்தநாள் வந்தால் கேக்குக்கும் உடுப்புக்கும் நாம் கணக்குப் பார்க்கிறோம். பிள்ளைக்கோ யார் யார் வருவார்கள் என்பதே கவலை. பழைய கூட்டாளிகள் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள். புதியவர்களைக் கூப்பிடக் கூச்சம். கையில் ஓர் அழைப்பிதழ் இருந்தால் அக்கூச்சம் பாதி தீரும்.

கடை அட்டை தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாளிதழ்களே கொப்பித் தாளில் அச்சாகின. கொப்பியின் நடுத்தாளை இழுத்தெடுத்து, குறுக்கே வெட்டி மடித்தால் இரண்டு அழைப்பிதழ்கள்.

செவ்வரத்தம்பூ இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா நிறம் வரும். அதன்மேல் தேசிக்காய்ச் சாறு ஒரு துளி பட்டால் இளஞ்சிவப்பாக மாறும். இதைக் கண்ட பிள்ளைகள் லேசில் எழும்பமாட்டார்கள்! மஞ்சள் பூசிய தாளில் சுண்ணாம்பு நீரால் கோடிழுத்தால் சிவப்பு. ஆனால் சுண்ணாம்பைப் பெரியவர்களே தொடவேண்டும், கண்ணுக்கு ஆபத்து. மஞ்சள் வெயிலில் வெளிறும், நிழலில் காயவிடுங்கள்.

பிள்ளையே எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். முகாமிலும் புதுக் குடியேற்றத்திலும் இலக்கம் சொல்லி வீடு கண்டுபிடிப்பது கடினம். ஆகவே பின்பக்கத்தில் கிணறு, வேப்பமரம், ஒழுங்கை என்று வழியைக் கீறச் சொல்லுங்கள்.

ஒரு வரியை மட்டும் நாம் பார்த்துச் சேர்க்கவேண்டும்: ‘பரிசு வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்.’ கொண்டுபோக ஒன்றுமில்லையே என்று வராமல் நிற்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளையின் அழைப்பிதழை வகுப்பில் வைத்துக் கொடுக்காமல், பின்னேரம் வீட்டுப் படலைக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நாமும் கூடப் போனால், தாய் தகப்பனையும் வரச்சொல்லலாம்.