தெரிவாகாதவரின் பெயர்



ஆலயத்தில் இறைவன் முன் வைப்பதும் விண்ணப்பம். வேலை தேடும் பிள்ளை பதிவுத் தபாலில் அனுப்புவதும் விண்ணப்பம். பங்குத்தந்தையின் நற்சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறுகளின் பிரதிகள் யாவற்றையும் இணைத்து அனுப்பிய பின் வீடே காத்திருக்கிறது. நேர்முகப் பரீட்சைக்கும் சென்று, 'அறிவிப்போம்' என்ற ஒரு சொல்லோடு திரும்பிய பிள்ளையின் காத்திருப்பு இன்னும் கொடியது. கைக்கெட்டிய சிறு வேலையைக்கூட, 'அங்கிருந்து பதில் வரட்டும்' என்று விட்டுவிடுகிறவர்கள் உளர். பதில் வருவதில்லை. அந்த வெற்றிடம் எப்பொழுதோ நிரப்பப்பட்டுவிட்டது.

திருச்சபையின் முதலாவது வெற்றிடம் எவ்வாறு நிரப்பப்பட்டது என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலின் முதலாம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். யூதாசின் இடத்துக்கு ஒருவர் வேண்டியிருந்தது. ஏறக்குறைய 120 பேர் கூடியிருக்க, வேண்டிய தகைமையைப் பேதுரு வெளிப்படையாகவே கூறுகிறார்: யோவான் திருமுழுக்குக் கொடுத்த காலந்தொட்டு ஆண்டவர் விண்ணேற்றமடைந்த நாள்வரை உடனிருந்தவராதல் வேண்டும். இருவர் முன்னிறுத்தப்பட்டனர். செபித்துச் சீட்டுப் போட்டபொழுது மத்தியா தெரிவானார். மற்றவர் யோசேப்பு, பர்சபா எனவும் யுஸ்து எனவும் அழைக்கப்பட்டவர். தெரிவானவருக்கு ஒரு பெயரைக் கூறும் லூக்கா, தெரிவாகாதவருக்கு மூன்று பெயர்களை எழுதிவைத்திருக்கிறார்! பின்னாளில் யூசேபியுஸ் எழுதிய திருச்சபை வரலாற்றிலும் இந்த யுஸ்து வருகிறார், நஞ்சருந்தியும் ஆண்டவரின் அருளால் தீங்கடையாதவராக. பதவி கிடைக்காதவரைச் சபை மறந்துவிடவில்லை.

உங்களுள் கடை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். அலுவலகங்களில் ஆட்களைத் தெரிவு செய்பவர்களும் இருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும்பொழுது எல்லோருக்கும் பதில் எழுதுவது கடினமே. 'தெரிவு செய்யப்பட்டவர்கள் மாத்திரம் அழைக்கப்படுவர்' என்று விளம்பரத்திலேயே கூறிவிடுவதும் ஒருவகையில் நேர்மைதான். ஆயின் நேரில் அழைத்து, எதிரே அமரவைத்து, குடும்ப விபரம்வரை கேட்டறிந்த அந்த ஐந்தாறு பேருக்கு? பெயரிட்டு மூன்று வரிகள் போதும்: வந்தமைக்கு நன்றி, இவ்விடத்துக்கு வேறொருவர் தெரிவாகியுள்ளார், நாம் எதிர்பார்த்த தகைமை இது. 'தேவைப்படின் பின்னர் அழைப்போம்' என்ற வரியை, உண்மையில் அழைக்கும் எண்ணம் இல்லையெனில், எழுதாதிருங்கள். அது மறுப்பைவிட அதிக காலம் ஒருவரைக் கட்டிவைக்கும்.

கடிதம் கிடைத்த அன்று அந்த வீட்டில் இராச்செபம் சற்றுக் கனத்த குரலில் நடக்கலாம். மறுநாட் காலை அந்தப் பிள்ளை இன்னோர் உறையை எடுத்து முகவரி எழுதத் தொடங்கும்.