திங்கட்கிழமைக்கும் விசுவாசம் வேண்டும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நல்ல துணி உடுத்தி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம். பாட்டுப் பாடுகிறோம், பிரசங்கம் கேட்கிறோம், மனம் நிறைந்து வீடு திரும்புகிறோம். மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போகும்போது அந்த நிறைவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? மண்டோர் ஒரு வார்த்தை அதட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் குப்பையை நம் வாசல் பக்கம் தள்ளினால், சம்பளத்தில் இருபது வெள்ளி குறைந்தால், நேற்றுக் கேட்ட பிரசங்கம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

யாரையும் குத்திக் காட்டுவதற்காக இப்படிக் கேட்கவில்லை. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடியில் குடியேறியவர்களுக்கும் பொதுவான கேள்வி இது. ஆன்மிக வளர்ச்சி என்பது குருமாருக்கும் போதகருக்கும் உரியது, உழைத்துச் சாப்பிடும் நமக்கு ஞாயிறு ஒன்றே போதும் என்று பலர் நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்த வளர்ச்சி நடக்க வேண்டிய இடமே வெளிக்காடும் அடுப்படியும்தான்.

நாம் அறிந்த மரம்

வளர்ச்சி என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். இந்த நாட்டில் வாணிபத்துக்காக உருவான முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படுகிறதே, அதன் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். பெயரைக் கேட்டாலே தமிழ் மணக்கிறது அல்லவா?

செம்பனை நாற்று ஏறத்தாழ ஓராண்டு பையிலேயே நிற்கிறது. வெளிக்காட்டில் நட்ட பிறகும் குலை வெட்ட இரண்டரை, மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நேற்று நட்டேன், இன்று காய் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் காத்திருக்கும் காலத்தில் களை எடுக்காமல், உரம் போடாமல் சும்மா விடுவதும் இல்லை.

மனமும் அப்படித்தான். நிலத்தில் போட்ட விதை, போட்டவருக்கே பிடிபடாத விதத்தில் மெல்ல மெல்ல வளர்வதை இயேசு ஓர் உவமையாகச் சொன்னார். மாற்கு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். வளரச் செய்வது கடவுளின் வேலை, களை பிடுங்குவது நம் வேலை. ஒரு நற்செய்திக் கூட்டத்தில் கண்ணீர் விட்டு அழுதவர் மறுவாரமே பழைய கோபத்துக்குத் திரும்பினால், அவர் அழுதது பொய் என்று சொல்லிவிடக் கூடாது. விதை விழுந்திருக்கிறது, அதற்குப் பிறகு செய்ய வேண்டிய பராமரிப்புதான் நடக்கவில்லை.

குடும்பஸ்தர் ஒருவர் புனிதரானார்

மரத்தைப் பார்த்தோம், இனி மனிதர் ஒருவரைப் பார்ப்போம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டப் பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்தார். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படையிலேயே சேர்ந்த டிலனாய் என்ற டச்சுப் படைத் தலைவர் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் அடுக்கடுக்காக நட்டம் வந்து மனம் சோர்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை அந்த நண்பர்தான் எடுத்துச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

அதற்குப் பிறகு அவர் மடத்தில் போய்ச் சேரவில்லை. மனைவியோடு இல்லறம் நடத்தினார், அரண்மனை வேலையையும் பார்த்தார். ஆனால் ஒன்று மாறியது. சாதி ஏற்றத்தாழ்வு கோலோச்சிய அந்தக் காலத்தில், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். மேல்சாதியினருக்கு அது பொறுக்கவில்லை. 1749-இல் சிறைப்பட்டு, பல சித்திரவதைகளை அனுபவித்து, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாத பொதுநிலையினரில், புனிதர் நிலைக்கு உயர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களும் இவர் வாழ்க்கையிலிருந்து ஒன்றைக் கற்கலாம். விசுவாசம் வளர்ந்ததா என்பதற்கு அடையாளம், நாம் யாரோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடத் துணிகிறோம் என்பதுதான். ஒரே பீடத்தின் முன் முழங்காலிட்டுவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும் சாதியைத் துருவுகிறவர் எத்தனை செபமாலை சொல்லியும் வளரவில்லை. பக்கத்து லயத்தில் தங்கியிருக்கும் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளியைப் பெயர் சொல்லி அழைக்காமல் இளக்காரமாகக் கூப்பிடுகிறவரும் அப்படியே. நம் தாத்தா பாட்டியும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தாம்!

அன்றாடம் செய்யக்கூடியவை

பெரிய விரதங்கள் வேண்டாம். நம் வாழ்க்கைக்குள் அடங்கும் சில சிறு பழக்கங்கள் போதும்.

முதலாவது, காலையில் ஐந்து நிமிடம். தேத்தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் வேதத்தில் ஒரு சிறு பகுதியை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அதில் மனத்தில் பட்ட ஒன்றை அன்று முழுதும் வேலையினூடே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வேலையையே காணிக்கையாக்குவது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். முன்பு போர்வீரர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு வேலை, பிறகு செருப்புத் தைக்கும் வேலை. பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் கோயிலில் இருப்பதுபோலவே கடவுளோடு இருக்கலாம் என்பதை வாழ்ந்து காட்டினார். 1691-இல் மறைந்த அந்தச் சமையற்காரரின் பேச்சும் கடிதங்களும் இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. அடுப்படியில் நிற்கும் தாய்மார்களே, உங்கள் இடமும் அதுதான். குலை வெட்டுகிறவர் எண்ணிக்கைக்காகப் பழுக்காத குலையை வெட்டாமல் இருப்பதும், மரத்தடியில் சிதறிய உதிரிப் பழங்களை யாரும் பார்க்காதபோதும் பொறுக்கிச் சேர்ப்பதும் செபம்தான்.

மூன்றாவது, 24 மணி நேரத்துக்குள் சமாதானம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். தாமதித்தால் பழத்தில் புளிப்பு ஏறி எண்ணெயின் தரம் கெட்டுவிடும். மனக்கசப்பும் அப்படித்தான். பொழுது சாய்வதற்குள் கோபத்தைத் தீர்த்துவிடும்படி பவுல் எபேசு சபைக்கு எழுதினார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், முதலில் போய்ச் சமாதானமாகும்படி இயேசு சொன்னார். தண்ணீர்க் குழாயடியில் தொடங்கிய சண்டை இரண்டு தலைமுறைக்கு நீடிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? இன்றே ஒருவர் முதல் அடி எடுத்து வைக்கலாமே.

நான்காவது, சம்பள நாள். விசுவாசத்துக்கு அன்றுதான் பரீட்சை. சம்பளம் கையில் விழுந்ததும் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, வீட்டுப் பக்கமா, சம்சுக் கடைப் பக்கமா? முதலில் வீட்டுச் செலவு, பிள்ளையின் படிப்பு, மளிகைக் கடைப் பற்று. தென்னிந்தியத் திருச்சபைகளில் நம் பாட்டிமார் கடைப்பிடித்த நல்ல வழக்கம் ஒன்று உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிடியரிசி கோயிலுக்கும் ஏழைக்கும் போகும். ஏழையாலும் கொடுக்க முடியும் என்பதை அந்தப் பானை பிள்ளைகளுக்குக் கற்பித்தது. அரிசியோ, ஐம்பது காசோ, அதை மீண்டும் தொடங்கலாம்.

ஐந்தாவது, நாலு வீடு சேர்வது. 1976-ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் ஏறத்தாழ ஒரு மாதம் கூடியிருந்து திருச்சபையின் எதிர்காலத்தைச் சிந்தித்தார்கள். வெளிநாட்டுக் குருக்கள் குறைந்துவந்த காலம் அது. அதன் பிறகுதான் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்கள் இங்கே வேரூன்றின. அக்கம்பக்கத்து வீட்டார் ஒன்றுகூடி வேதம் வாசித்து, ஒருவர் கஷ்டத்தை மற்றவர் சுமக்கும் வழி இது. சாமியார் வருவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மெதடிஸ்ட், லூத்தரன் சபையினரின் வீட்டுக் கூட்டங்களும் இதே தேவையைத்தான் நிறைவேற்றுகின்றன.

பொறுமை வேறு, பயம் வேறு

ஒன்றை மறக்கக் கூடாது. ஆன்மிகத்தில் வளர்ந்தவர் அநியாயத்துக்குத் தலையாட்ட வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுப்பது நீதி என்றும், சங்கம் சேர்வது அவர் உரிமை என்றும் போப் பதின்மூன்றாம் லியோ 1891-இலேயே எழுதினார். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு நம் மக்கள் கூட்டாகக் கேட்டுப் பெற்றவை பல. குடியிருக்கும் வீட்டுக்காகவும் உழைத்த கூலிக்காகவும் பேசுங்கள். பகை இல்லாமல், பொய் சொல்லாமல், பயப்படாமல் பேசுங்கள். அப்படிப் பேசும் துணிவும் விசுவாசத்தின் கனிதான்.

வளர்ந்தோமா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கோயிலில் நம்மைப் பார்ப்பவர்களைக் கேட்க வேண்டாம், வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கணவரின் குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறதா என்று மனைவிக்குத் தெரியும். அம்மா மன்னிப்புக் கேட்கக் கற்றிருக்கிறாரா என்று பிள்ளைக்குத் தெரியும்.

நம் வட்டாரத்தில் தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் சிதறின. லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிப் போனபோது கோயிலைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை. காலை ஐந்து நிமிட வாசிப்பையும், பிடியரிசிப் பானையையும், சண்டையை அன்றே தீர்க்கும் குணத்தையும் எங்கே குடிபோனாலும் கொண்டுபோகலாம். நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நிலம் இல்லாதிருக்கலாம். இவற்றையாவது விட்டுச்செல்வோம். நாளைக் காலைத் தேத்தண்ணீரோடு தொடங்குங்களேன்!