குற்றாலத்துக்குச் சாரல், எங்க ஊருக்குக் காத்து



ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல். அதே தென்காசி மாவட்டம்தான் எங்க திருவேங்கடமும். ஆனால் வெறும் காற்றுதான் அடிக்கும். "அந்த மேகம் நம்ம பக்கம் ஏன்யா வரலை?" என்பார் அப்பா. மானாவாரி விவசாயி, பள்ளிக்கூடம் போகாதவர். பதில் எனக்கு முதலாண்டு இயற்பியலில் கிடைத்தது.

ஒரு கிராம் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க 1 கலோரி வேண்டும். காய்ந்த மண்ணுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும். அதனால் கோடையில் நிலம் சீக்கிரம் கொதிக்கும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்துச் சூடான காற்று மேலே எழும்ப, கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும். மிச்சம் குற்றாலத்தில் சாரல். எங்க கரிசலுக்கு வருவதற்குள் ஈரம் தீர்ந்துவிடும்.

ஐப்பசியில் நிலம் முதலில் ஆறிவிடும். காற்று வடகிழக்கிலிருந்து திரும்பும். வங்கக்கடல் ஈரம் எங்களுக்கு! வட இந்தியப் பெருங்கடலில் நீரோட்டமும் காற்றோடு திசை மாறும்.

போன வருஷம் மழை பிந்தி, போட்ட விதை கருகியது. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் கூலியில்தான் என் ஃபீஸைக் கட்டினார்.

லீவில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "காரணம் சரிய்யா. இந்த வருஷம் என்னைக்குப் பெய்யும்?" என்றார்.

அதற்காகவே இன்னும் படிக்க வேண்டும், தோழர்களே!