நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான தனியாள் மருத்துவம்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான தனியாள் மருத்துவம் என்பது, இந்நோய் உடைய அனைவருக்கும் ஒரே மருந்தைத் தராமல், ஒவ்வொருவரின் இரத்தக் கூறுகள், நுரையீரல் சிதைந்துள்ள இடம், மரபணு, முன்பு வந்த நோய்கள் ஆகியவற்றைக் கொண்டு சிகிச்சையைத் தெரிவு செய்யும் அணுகுமுறை ஆகும். மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. எனச் சுருக்கமாக அழைக்கும் இந்நோய், புகையிலைப் புகை, விறகடுப்புப் புகை, தொழிலிடத் தூசு முதலியவற்றை நெடுங்காலம் சுவாசிப்பதால் பெரும்பாலும் உண்டாகிறது.

ஒரு பெயர், பல நோய்கள்

இந்நோய் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதற் சோதனையால் உறுதி செய்யப்படுகிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னரும், ஒருவர் பலமாக ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறுவது 70 விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்தால் அடைப்பு உள்ளது எனக் கொள்ளப்படும். எனினும் அடைப்பு ஏன் வந்தது என்பதை இந்த எண் கூறுவதில்லை. ஒருவருக்குக் காற்றுப்பைகளின் சுவர்கள் அழிந்திருக்கலாம். இது எம்பிசீமா எனப்படும். மற்றொருவருக்குக் குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபட்டிருக்கலாம். இருவருக்கும் சோதனை முடிவு ஒன்றாகவே இருக்கக்கூடும்.

ஸ்டீராய்டு யாருக்கு?

இன்ஹேலர் வழியே தரப்படும் ஸ்டீராய்டு, குழாய்களின் அழற்சியைக் குறைத்து, நோய் திடீரெனத் தீவிரமடைவதைச் சிலருக்குத் தடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2007இல் வெளியான டார்ச் ஆய்வில், மூன்றாண்டுகளில் நிமோனியா வருவதற்கான வாய்ப்பு, வெற்று மருந்து பெற்றோரிடம் 12.3 விழுக்காடாகவும், ஸ்டீராய்டு கலந்த கூட்டு மருந்து பெற்றோரிடம் 19.6 விழுக்காடாகவும் இருந்தது.

யாருக்குப் பயன், யாருக்குத் தீங்கு என்பதை முன்கூட்டி அறிய உதவுவது, விலையுயர்ந்த மரபணுச் சோதனை அன்று. இயோசினோஃபில் என்னும் வெள்ளையணுக்களை எண்ணும் சாதாரண இரத்தச் சோதனையே. கோல்டு எனப்படும் பன்னாட்டு வழிகாட்டுதல் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் இதற்கான எல்லைகளை வகுத்தது. நோய் அடிக்கடி தீவிரமடைவோருக்கு, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு பயன் தரும் வாய்ப்பு மிகுதி. 100க்குக் கீழ் இருந்தால் மிகக் குறைவு. மீண்டும் மீண்டும் நிமோனியா வந்தவர்களுக்கும் காசநோய்க் கிருமி வகைத் தொற்று முன்பு இருந்தவர்களுக்கும் ஸ்டீராய்டைத் தவிர்ப்பதே நல்லது என்பது அவ்வழிகாட்டுதலின் கருத்து.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. குடற்புழுக்களும் யானைக்கால் நோய்ப் புழுக்களும் கூட இயோசினோஃபில் எண்ணிக்கையை உயர்த்தும். எனவே புழுத்தொற்று பரவலாக உள்ள வெப்பமண்டல நாடுகளில் 300 என்ற எண்ணை மட்டும் கண்டு முடிவெடுக்க இயலாது.

மூன்று வகை இன்ஹேலர் மருந்துகளையும் எடுத்துக்கொண்ட பின்னும் நோய் கட்டுப்படாத, இயோசினோஃபில் மிகுந்த நோயாளிகளுக்கென டூபிலுமாப் என்னும் ஊசி மருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் 2024இல் ஒப்புதல் பெற்றது.

அறுவை மருத்துவம்

ஒரே சிகிச்சை ஒருவரைக் காத்து மற்றொருவரைக் கொல்லக்கூடும் என்பதற்கு, அமெரிக்காவில் 1,218 எம்பிசீமா நோயாளிகளிடம் நடத்தப்பட்ட நெட் ஆய்வு தெளிவான சான்று. சிதைந்த நுரையீரல் பகுதியை வெட்டி நீக்கினால் எஞ்சிய பகுதி நன்கு இயங்கும் என்பது இவ்வறுவையின் அடிப்படை. நுரையீரல் செயல்திறன் மிகவும் குன்றி, அதனுடன் சேதம் எங்கும் சீராகப் பரவியோ வாயுப் பரிமாற்றம் மிகவும் குறைந்தோ இருந்தவர்களில் 16 விழுக்காட்டினர் அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தனர். அதே நிலையில் அறுவை செய்யப்படாதவர்களில் அக்காலத்துக்குள் ஒருவரும் இறக்கவில்லை. 2001இல் இது தெரியவந்ததும் அத்தகையோரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மாறாக, சேதம் முக்கியமாக மேல்மடல்களில் இருந்து, உடற்பயிற்சித் திறனும் குறைந்திருந்தவர்கள் அறுவையால் கூடுதல் காலம் வாழ்ந்தனர் என 2003இல் வெளியான முடிவுகள் காட்டின.

மரபுக் காரணம்

சுவீடனைச் சேர்ந்த லாரெல், எரிக்சன் ஆகியோர் 1963இல் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாட்டை விவரித்தனர். இப்புரதம் வெள்ளையணுக்கள் வெளியிடும் நொதியிலிருந்து நுரையீரலைக் காக்கிறது. இது குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் புகைபிடிப்போருக்கு, இளம் வயதிலேயே எம்பிசீமா வரலாம். இவர்களில் தெரிவு செய்யப்பட்ட சிலருக்கு, கொடையாளர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அப்புரதம் வாரந்தோறும் நரம்பு வழியே செலுத்தப்படுகிறது.

எளிய பொருத்தங்கள்

தனியாள் மருத்துவம் என்றவுடன் மரபணுவே நினைவுக்கு வந்தாலும், கருவியின் தெரிவும் இதில் அடங்கும். உலர்தூள் இன்ஹேலருக்கு விசையுடன் உள்ளிழுக்க வேண்டும். வலுக்குன்றிய முதியவரால் அது இயலாமற் போகலாம். அவருக்கு மருந்து சரியாக இருந்தும் நுரையீரலைச் சென்றடையாது. இடைவெளிக் குழல் பொருத்திய தெளிப்பு இன்ஹேலரோ நெபுலைசரோ அவருக்கு ஏற்றது.